ரெண்டு போட்ட கடுதாசி

எம்.எல்.ஏ. ஹாஸ்டல், சென்னை
14-4-1957

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சுப்பராயலு கும்பிட்டு எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? செவலை கன்று போட்டதா? காளையா, கிடாரியா?

ஜெயித்த அன்றைக்கு ஆலத்தேரி ஜனமே என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. உன்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூட முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. இங்கே எனக்குத் தனி ரூம், மேலே சுற்றுகிற ஃபேன், இரும்புக் கட்டில். கட்டிலில் தூக்கம் வராமல் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறேன். முதல் நாள் சட்டசபையில் என் பாத வெடிப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர், நிஜமாகவே விவசாயம் செய்கிறீர்களா என்று கேட்டார். போன மாசம் வரைக்கும் ஏர் ஓட்டினேன், லீவு விட்டால் மறுபடியும் போய் ஓட்டுவேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்கா, நம்ம ஏரி நடு மதகுக் கல் உடைந்து ஆறு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் மழை பிடித்ததும் மாமா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்கி, வைக்கோல் பிரியும் களிமண்ணும் வைத்து அந்த ஓட்டையை அடைக்கிறார். அவர் மேலே வருகிற வரைக்கும் நீ கரையில் நின்று ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவாய். அந்தச் சத்தம் என் காதிலேயே இருக்கிறது. மேடைக்கு மேடை அந்த மதகைத்தான் பேசினேன். எனக்கு விழுந்த ஓட்டும் அதற்குத்தான். அடுத்த மழைக்குள் புது மதகு வந்துவிடும். மாமா இனிமேல் தண்ணியில் இறங்க வேண்டாம். இது நம்ம அம்மா மேல் சத்தியம்.

உன் தம்பி,
சுப்பராயலு

•

ஆலத்தேரி
2-5-1957

தம்பி சுப்புவுக்கு அக்கா சுந்தராம்பாள் ஆசீர்வாதம். நாங்க நல்லா கீறோம். செவலை கிடாரி போட்டுது. உன் ஞாபகமா எமெல்லேன்னு பேர் வெச்சுட்டாரு உங்க மாமா. கூப்ட்டா திரும்பிப் பாக்குது.

கட்டில்ல படுத்துப் பழகிக்கோடா. கீழ படுத்தா சளி பிடிக்கும். அங்க போய் காபியா குடிச்சிகினு இருக்காதே, மோர் எங்க கெடைக்குதுன்னு விசாரி.

மதகு விஷயம் உங்க மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். மம்முட்டியைக் கழுவி வெச்சுட்டு, "சுப்பு சொன்னா செய்வான்"ன்னாரு. எனக்கும் அந்த எண்ற வேலை விட்டா போதும்டா. அறுபதுக்குள்ள மேல வந்துடுறாரு. ஆனா அம்பது தாண்டினா எனக்கு வாய் குழறுது. பக்கத்துல கயித்தைப் பிடிச்சிகினு நிக்கிற கன்னியப்பன் என்னைப் பாத்து சிரிக்கிறான்.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா

•

ஆலத்தேரி
9-9-1962

தம்பி சுப்பராயலுவுக்கு அக்கா எழுதினது. இங்க எல்லாரும் உசுரோட கீறோம். நீ நல்லா இருப்பேன்னு பேப்பர்ல போட்டோ பாத்துத் தெரிஞ்சுகிட்டேன். தாடை ரெண்டும் உப்பிப் போயிருக்கு. மோர் கெடைக்கல போல.

ரெண்டாவது தடவையும் ஜெயிச்சுட்டே. சந்தோஷம். மதகுக்கு இதுவரைக்கும் ரெண்டு அடிக்கல் போட்டுட்டே. ஐம்பத்தெட்டுல ஒண்ணு, போன எலக்ஷனுக்கு முன்னாடி ஒண்ணு. மேளம், மாலை, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் ஆச்சு. கல்லுக்கு மேல கல்லு வரல. மொதல் கல்லு ஏரியோரம் சாஞ்சு கெடந்துது. நான்தான் நாலு பேரை வெச்சுப் பொரட்டி கெணத்தடிக்குக் கொண்டாந்தேன். துணி தொவைக்க வசதியா கீது. உன் பேரு செதுக்கின பக்கம் சொரசொரன்னு இருக்கறதால அழுக்கு நல்லா போகுது. உன்னால ஊருக்கு நடந்த நல்லது இதுவரைக்கும் அது ஒண்ணுதான். அதை நான் மறைக்க மாட்டேன்.

உங்க மாமாவுக்கு நாப்பத்தெட்டு ஆகுது. போன ஐப்பசியில எழுபத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன். மேல வந்தப்போ காதுல ரத்தம். "சுப்பு செய்வான், அவனுக்கு ஆயிரம் வேலை"ன்னு உன் பக்கமே பேசறாரு. அந்த மனுஷனுக்காவது பதில் போடு.

அக்கா

•

முகாம்: சென்னை
27-10-1962

பேரன்புமிக்க தமக்கையாருக்கு வணக்கம். தங்கள் மடல் கண்டேன். தாங்களும் மாமா அவர்களும் நலமே திகழ விழைகிறேன்.

அடிக்கல்லைத் துணி துவைக்கப் பயன்படுத்துவதாக எழுதியிருப்பது என் மனத்தைப் புண்படுத்துகிறது. அது அரசின் உடைமை. வெளியே தெரிந்தால் எனக்குத்தான் தலைகுனிவு. தயவுசெய்து இருந்த இடத்திலேயே வைத்துவிடவும்.

மக்கள் பணி என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. நாளொன்றுக்கு நூறு கடிதம் வருகிறது. காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளை ஒருவரை, வரதராஜன் என்று பெயர், உதவியாளராக வைத்திருக்கிறேன். நான் ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன். சிவப்புப் பென்சிலால் கடிதத்தின் தலையில் ஒரு எண் போட்டுக் கொடுத்துவிடுவேன். 1 போட்டால் ஆளை நேரில் வரச் சொல்ல வேண்டும். 2 போட்டால் ‘ஆவன செய்யப்படும்’ என்று அச்சடித்த பதில் போகும். 3 போட்டால் கிழித்துவிடலாம். கடிதம் முழுவதையும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் வரியைப் பார்த்தாலே விஷயம் இன்னதென்று சொல்லிவிடுவேன். அவ்வளவு அனுபவம் வந்துவிட்டது. சக உறுப்பினர்கள் பலர் இப்போது இந்த முறையைப் பின்பற்றுகிறார்கள்.

தங்கள் கடிதத்துக்கு என்றைக்கும் 1தான். மதகு குறித்து ஆவன செய்கிறேன்.

என்றும் மக்கள் பணியில்,
சுப்பராயலு, எம்.எல்.ஏ.

•

ஆலத்தேரி
19-11-1970

மதகு போயிடுச்சுடா சுப்பு.

நேத்து காலைல ஏரி நெறஞ்சு தளும்பிச்சு. நடு மதகு வழியா தண்ணி பிச்சிகினு போகுது, கரை கரையுது, கீழ இருக்கற வூடெல்லாம் போயிடும்னு ஊரே கத்துது. அம்பத்தாறு வயசு ஆளை இறங்காதேன்னு சொன்னேன். "நான் அடைக்காம வேற யாரு அடைப்பாங்க"ன்னு வைக்கோல் பிரியை எடுத்துகினு இறங்கிட்டாரு. ஓட்டை அடைஞ்சுது. தண்ணி நின்னுது. ஜனம் கை தட்டிச்சு. நான் எண்ணிகினே இருந்தேன். தொண்ணூறு. நூறு. நூத்தி இருபது. அதுக்கு மேல நான் எண்ணினதே இல்லடா. கன்னியப்பன் கயித்தை இழுத்தான். கயிறு மட்டும் வந்துச்சு.

ஊரு நின்னுது. உங்க மாமா போயிட்டாரு.

சாயங்காலம்தான் ஆளை எடுத்தாங்க. இன்னிக்கு அடக்கம் பண்ணிட்டோம். ஆள் அனுப்பலாம்னா ரோடு முழுக்கத் தண்ணி, படப்பை தாண்ட பஸ் இல்ல. அதான் தபால்ல எழுதறேன். டிசம்பர் மூணாந்தேதி பதினாறாம் நாளு. பொறந்த வூட்டுக் கோடி நீதான் போடணும். எனக்கு உன்னை வுட்டா வேற ஆரு? வெறும் வெள்ளைப் புடவை போதும். நீ வந்து நின்னா போதும்.

அக்கா

•

எம்.எல்.ஏ. அலுவலகம், சென்னை
30-11-1970

பெறுநர்: திருமதி சுந்தராம்பாள் பாண்டுரங்கன், ஆலத்தேரி.

அன்புடையீர்,

வணக்கம். மதகு தொடர்பான தங்கள் மனு கிடைக்கப்பெற்றேன். தங்கள் கோரிக்கை உரிய துறையின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது. ஆவன செய்யப்படும்.

தங்கள் நலனில் என்றும் அக்கறையுள்ள,
சுப்பராயலு, எம்.எல்.ஏ.

•

முகாம்: சென்னை
8-1-1971

பாசமிகு தமக்கையாருக்கு. தாங்கள் உடல்நலத்தோடும் மனத்திடத்தோடும் இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

அந்தத் துயரச் சம்பவத்தைக் கன்னியப்பன் நேரில் வந்து சொல்லித்தான் அறிந்தேன். இடி விழுந்தது போலாயிற்று. தங்கள் கடிதம் என் பார்வைக்கே வரவில்லை. உதவியாளர் வரதராஜன் தானாகவே அச்சுப் பதிலை அனுப்பிவிட்டார். அந்த நிமிடமே அவரை வேலையைவிட்டு நீக்கிவிட்டேன். இதைவிட நான் என்ன செய்ய முடியும்?

தேர்தல் நெருங்குகிறது. எதிர்த்தரப்பினர் எதையும் பயன்படுத்திக்கொள்வார்கள். ஆகவே அந்தப் பதில் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். பிரச்சாரத்துக்கு வரும்போது கட்டாயம் வீட்டுக்கு வருகிறேன். இந்த முறை மதகு உறுதி.

தங்கள் தம்பி,
சுப்பராயலு

•

ஆலத்தேரி
15-1-1971

எமெல்லே ஐயாவுக்கு.

உடம்பு எப்படின்னு கேக்கணும். கேக்கல.

‘அந்தத் துயரச் சம்பவம்’னு எழுதிருக்கே. அவருக்குப் பேரு கீதுடா. பாண்டுரங்கன். நீ அரை டவுசர் போட்ட காலத்துலேர்ந்து உன்னைத் தோள்ல தூக்கிகினு மணிமங்கலம் திருவிழாவுக்குப் போன ஆளு. அவரை மாமான்னு எழுத உனக்குக் கை வரல.

பதினாறாம் நாளு பந்தல்ல, கோடி போட பொறந்த வூட்டு ஆளு எங்கன்னு எல்லாரும் ரோட்டையே பாத்துகினு இருந்தாங்க. தபால்காரன் வந்தான். எமெல்லே ஆபீஸ் கவருன்னு சத்தமா சொல்லிக் குடுத்தான். நானும் உன் கடுதாசின்னு பந்தல்லயே பிரிச்சேன். ஆவன செய்யப்படும்னு போட்டிருந்துது. எதைடா செய்வே? செத்தவரை எழுப்புவியா? கடைசியில கன்னியப்பன் பொண்சாதி வூட்டுக்குள்ள போய் ஒரு புடவையைக் கொண்டாந்து எனக்குப் போட்டா. அவ எனக்கு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

குமாஸ்தாவைத் தள்ளிட்டியாமே. பெரிய மனுஷன்டா நீ.

ஓட்டு கேட்டு வந்தா வூட்டுப் பக்கம் வராதே. தோள்ல எந்தக் கலர் துண்டு போட்டுகினு வந்தாலும் வராதே. எமெல்லேன்னு பேர் வெச்ச பசு கூட வேளைக்குப் பால் குடுத்துட்டுத்தான் செத்துச்சு. இனிமே நான் எழுத மாட்டேன்.

சுந்தராம்பாள்

•

முகாம்: சென்னை
10-1-1984

பெருமதிப்பிற்குரிய தமக்கையாருக்கு.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து எழுதுகிறேன். தங்களுக்குக் கண் பார்வை மங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கவலையாக இருக்கிறது. எனக்கும் சர்க்கரை வியாதி.

இனிய செய்தி. இருபத்தேழு ஆண்டு கால இடையறாத போராட்டத்தின் பயனாக ஆலத்தேரி ஏரி நடு மதகு கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. பிப்ரவரி 5 திறப்பு விழா. அமைச்சர் வருகிறார். ஏரிக்குக் கீழே இருந்த கழனிகள், தங்களுடையது உட்பட, தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்டுவிட்டதால் மதகுத் தண்ணீர் இனி குழாய் வழியாகத் தொழிற்சாலைகளுக்குப் போகும். நம் மக்களுக்கு வேலைவாய்ப்புப் பெருகும்.

சொந்த அக்காளே இவரிடம் பேசுவதில்லை என்று என் எதிரிகள் தலைமை வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் எனக்கு மறுபடி சீட் கிடைப்பது இதில் இருக்கிறது. எனவே குத்துவிளக்கைத் தாங்கள்தான் ஏற்ற வேண்டும். தங்கள் பெயரை நோட்டீஸில் போட்டுவிட்டேன். மேடையில் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசினால் போதும். ஜீப் அனுப்புகிறேன்.

தங்கள் தம்பி,
சுப்பராயலு, எம்.எல்.ஏ.

•

ஸ்ரீபெரும்புதூர்
22-1-1984

அம்மா அவர்களுக்கு வரதராஜன் பணிவான வணக்கம். தாங்கள் நலமாக இருக்க எம்பெருமானார் அருள் புரியட்டும். என்னைத் தங்களுக்கு நேரில் தெரியாது. எழுபதாம் வருஷம் வரைக்கும் தங்கள் தம்பியிடம் உதவியாளராக இருந்தவன். இப்போது இங்கே ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறேன்.

மதகுத் திறப்பு விழா நோட்டீஸ் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. தங்கள் பெயரை என் கையால் கோத்தேன். கோத்து முடித்ததும் கை ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தங்கள் கடிதத்தை நானாக எடுத்து அச்சுப் பதில் அனுப்பியதாக ஐயா ஊரெல்லாம் சொன்னார். எனக்கு வேறு எங்கும் வேலை கிடைக்கவில்லை. அது போகட்டும். இத்துடன் தங்கள் கடிதத்தை வைத்திருக்கிறேன். அதன் தலையில் பாருங்கள். ஐயா கைப்படப் போட்ட 2. முதல் வரியில் மதகு என்று இருந்தது. "அக்காவுக்கு வேற வேலையில்ல, வருஷம் தவறாம மதகு"ன்னு சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். நான் முழுவதும் படித்துவிட்டு, "ஐயா, சாவுச் செய்தி"ன்னு சொல்ல மறுபடி உள்ளே போனேன். மீட்டிங்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "நம்பர் போட்டாச்சு இல்ல, அதைச் செய்"ன்னார். செய்தேன். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாவம் என்னுடையதும்தான். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தகுதியில்லை.

இப்படிக்கு,
வரதராஜன்

•

ஆலத்தேரி
28-1-1984

தம்பி சுப்பராயலுவுக்கு.

நல்லா கீறேன். கண்ணு மங்கல்தான். ஆனா பெரிசா எழுதினா படிக்க முடியுது. சிவப்பா இருந்தா இன்னும் நல்லா தெரியுது.

விழாவுக்கு வரேன். புருஷன் இல்லாதவ விளக்கு ஏத்தக் கூடாதுன்னு உன் கட்சிக்காரங்க மொணகுவாங்க. அதனால விளக்கை நீயே ஏத்திக்கோ. ரெண்டு வார்த்தை பேசச் சொன்னே இல்ல? அது போதும். மைக்கு மட்டும் நல்லா கேக்கற மாதிரி வெக்கச் சொல்லு.

ஜீப்பு வேணாம். எனக்கு நடக்கத் தெரியும்.

அக்கா

•

சென்னை
9-1-1985

மதகுத் திறப்பு விழாவில் நீ படித்த கடுதாசியைப் பற்றித்தான் எழுதுகிறேன், அக்கா.

ரெண்டு வார்த்தை பேசுவாய் என்று நினைத்தேன். நீ மடியிலிருந்து ரெண்டு காகிதம் எடுத்தாய். முதலில் மாமா போனதை எழுதின உன் கடுதாசி. மேலே என் 2. அப்புறம் என் பதில். ‘ஆவன செய்யப்படும்’ என்று நீ முடித்தபோது அமைச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். ஜனம் முதலில் அழுதது, பிறகு சிரித்தது. சிரிப்புதான் நிற்கவில்லை. என் ஜீப் எந்த ஊருக்குள் போனாலும் ‘ஆவன செய்யப்படும்’ என்று கத்தினார்கள். சீட் கொடுக்கவில்லை. சுயேச்சையாக நின்றேன். டெபாசிட் போய்விட்டது. ஆலத்தேரியில் எனக்கு விழுந்தது பதினோரு ஓட்டு.

அதற்காக உன்மேல் கோபம் இல்லை. ஹாஸ்டல் ரூமைக் காலி செய்யும்போது பழைய பெட்டியில் உன் ஐம்பத்தேழாம் வருஷத்துக் கடுதாசி கிடைத்தது. ‘சுப்பு சொன்னா செய்வான்’னு மாமா சொன்னதாக எழுதியிருக்கிறாய். தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா, வரதராஜன் பேரில் பழியைப் போட்டது நான்தான். அவன் மறுபடி உள்ளே வந்து சாவு என்றுதான் சொன்னான். என் காதில் விழுந்தது. யார் சாவு என்று திரும்பிக் கேட்கவில்லை. கார் கதவு திறந்திருந்தது. ஏறிவிட்டேன். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. மாமாவைக் கொன்றது ஏரியில்லை, நான்.

என் சம்சாரம் லீலா, மகனோடு போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. சர்க்கரையால் இடது கால் விரல் ரெண்டை எடுத்துவிட்டார்கள். சேற்று வெடிப்பு இருந்ததே, அதே கால். எனக்குப் போக இடமில்லை, அக்கா. மாட்டுக் கொட்டாய் ஓரத்தில் ஒரு மூலை கொடுத்தால் போதும். வரும்போது கோடிப் புடவை எடுத்துவருகிறேன். பதினாலு வருஷம் லேட்டுதான். வரலாமா என்று ஒரு வார்த்தை எழுது.

சுப்பு

•

ஆலத்தேரி
21-1-1985

பெறுநர்: முன்னாள் எமெல்லே சுப்பராயலு, சென்னை.

அன்புடையீர்,

வணக்கம். மதகு சம்பந்தமா நீங்க எழுதின மனு கெடைச்சுது. மொதல் வரி படிச்சேன். மதகுன்னு இருந்துச்சு. அதுக்கு மேல படிக்க வேண்டிய அவசியம் இல்லன்னு விட்டுட்டேன். உங்க அனுபவம் எனக்கும் வந்துடுச்சு.

ஆவன செய்யப்படும்.

இப்படிக்கு,
சுந்தராம்பாள் பாண்டுரங்கன்

பி.கு: உங்க மனுவை இதோட திருப்பி அனுப்பியிருக்கேன். தலையில 2 போட்டிருக்கேன், பாத்துக்குங்க. சிவப்புப் பென்சிலு எங்கூட்டுல இல்ல. ஒரு டப்பி குங்குமம் பதினாலு வருஷமா வேலையில்லாம கெடந்துது. அதைக் குழைச்சுப் போட்டேன்.